வளையத்தின் உள்விளிம்பு

பாபநாசத்துக்குப் பக்கத்தில் மாமாவுக்கு ஒரு புழுங்கலரிசி ஆலை. அங்கே அவியல் தொட்டியின் அடிக்கதவு வந்து உட்காருகிற வார்ப்பிரும்பு வளையம் ஒன்று பதினோரு வருஷத்துக்கு முன்னால் விரிசல் விட்டது. மூன்று சீசன்தான் ஓடியிருந்தது. நான் அப்போது எம்.இ. கடைசி வருஷம். "நீதான் இதெல்லாம் படிக்கிறியேப்பா, என்னன்னு பாத்துச் சொல்லு" என்றார் மாமா. பார்த்துச் சொன்னேன். சொன்னது தப்பு. அந்தத் தப்பால் கும்பகோணத்து ஓரத்தில் சின்னதாய் ஒரு வார்ப்படக் கூடம் வைத்திருந்த பெரியவருடைய தொழில்மேல் பழி விழுந்தது. பொருளின் விளிம்பை மட்டும் கூறு போட்டுக் கணக்கிடும் எல்லைக் கூறு முறையைப் பற்றி எழுதவேண்டும் என்று பல நாளாய் நினைத்து, ஒவ்வொரு தடவையும் சமன்பாட்டில் தொடங்கிப் பாதியில் விட்டிருக்கிறேன். இந்த வளையத்தில் தொடங்கினால்தான் எனக்கு எழுத வருகிறது.

ஆலையைத் தெரியாதவர்கள் டெல்டாவில் குறைவு, அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். ஊறிய நெல் தொட்டிக்குள் இருக்கும், உமியில் எரியும் பாய்லரிலிருந்து நீராவி ஏறும், நெல் வெடிக்கத் தொடங்கியதும் அடிக்கதவைத் திறந்தால் புகையும் நெல்லுமாய்க் கொட்டும். கதவு இறுகி மூட ஒரு தட்டையான வளையம் வேண்டும். வளையத்தைச் சுற்றி எட்டு போல்ட் ஓட்டை, கனம் 25 மில்லிமீட்டர். விரிசல் மூன்றாம் ஓட்டைக்கும் உள்விளிம்புக்கும் நடுவில், தலைமுடி கனத்தில் ஓடியிருந்தது. வெல்டிங் வைக்கும் அண்ணன் விரிசலின் முனையில் சின்னதாய் ஒரு ஓட்டை துளைத்து நிறுத்தி, மேலே பற்றவைத்திருந்தார். வெல்டுக்கு ஒட்டிப் பக்கத்திலேயே மறுபடி விட்டது. வார்ப்பிரும்பில் அப்படித்தான் ஆகும். உருகி ஆறிய இடத்தை ஒட்டி இரும்பு கண்ணாடி மாதிரி இறுகிப்போய்விடும், இழுவையைத் தாங்காது. முனையில் ஓட்டை போட்டது மட்டும் நல்ல வேலை. கூரிய முனையில் தகைவு, அதாவது ஒரு சிறு பரப்பின்மேல் விழும் விசை, எல்லையில்லாமல் ஏறும், அதே இடத்தை உருண்டையாக்கினால் ஒரு அளவுக்குள் வந்துவிடும். ஒரே திசையில் இழுபடும் அகலமான தகட்டில் வட்ட ஓட்டையின் ஓரத்தில் தகைவு மூன்று மடங்கு என்று கிர்ஷ் என்ற பொறியாளர் 1898-லேயே கணக்குப் போட்டு வைத்தார். அந்த அண்ணனுக்குக் கிர்ஷைத் தெரியாது. அவர் கைக்குத் தெரிந்திருந்தது.

நான் போனது ஆனி மாதம். ஆலை பாதி ஓய்வில் இருந்தது. வளையத்தை அளந்தேன், போட்டோ எடுத்தேன், கல்லூரிக்குப் போய், பொருள் முழுக்கச் சின்னச் சின்னக் கூறுகளாய் வலை பின்னிக் கணக்கிடும் முடிவுறு கூறு முறை மென்பொருளில் வரைந்தேன். முப்பதாயிரத்துக்கும் மேல் கூறுகள். நீராவி அழுத்தம் கொடுத்தேன், கதவின் எடை கொடுத்தேன், வளையம் முழுக்க 100 டிகிரி என்று கொடுத்தேன். தகைவு எங்கேயும் 10 மெகாபாஸ்கலைத் தாண்டவில்லை. சாதாரண சாம்பல் வார்ப்பிரும்பு 150-லிருந்து 200 வரை தாங்கும். நீலமும் பச்சையுமாய் ஒரு படம் வந்தது, அதை மாமாவுக்கு அனுப்பினேன். "வடிவத்துல கோளாறு இல்ல மாமா, வார்ப்புலதான். உள்ள காத்துப் பொத்தல் இருக்கும், இல்லன்னா இரும்பு மட்டம்" என்று போனில் சொன்னேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை அதைச் சொல்ல. மாமா அதை அப்படியே பெரியவரிடம் சொல்லியிருக்கிறார், "என் தங்கச்சி மகன் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டான்" என்கிற சேர்க்கையோடு. பெரியவர் மறுத்துப் பேசவில்லை. காசு வாங்காமல் புது வளையம் வார்த்துக் கொடுத்தார். இந்தத் தடவை யாரும் குறை சொல்லக்கூடாது என்று 25-ஐ 32 ஆக்கிக் கனமாய் வார்த்தார்.

கனமான வளையம் தை பிறந்து மாட்டினார்கள். மாசி முடிவதற்குள் விட்டுவிட்டது.

கேட்காமல் விடாத முறை

படிப்பு முடிந்து திருச்சியில் வேலைக்குச் சேர்ந்தேன். வளையத்துக்கு ஒட்டுப்போட்டே ஆலை ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் ஊருக்குப் போனால் மாமா அதைப் பேசமாட்டார், நானும் பேசமாட்டேன். அலுவலகத்தில் எனக்கு மூத்த ஒருவர், ஓய்வு பெறுகிற வயசு, விரிசல் கணக்கெல்லாம் எல்லைக் கூறு முறையில்தான் போடுவார். மற்றவர்கள் அதைச் செத்துப்போன முறை என்பார்கள். அவர் வாதாட மாட்டார், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காகிதத்தில் ஒரு மூடிய கோடு வரைந்து, அதன்மேல் புள்ளி புள்ளியாய் வைத்துக்கொண்டே போவார். உள்ளே ஒன்றும் வரையமாட்டார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு ஆசை வந்தது. ராத்திரிகளில் நானே எழுதத் தொடங்கினேன்.

முறையின் அடிப்படை எளிமையானது. எல்லையே இல்லாத ஒரு இரும்புப் பரப்பில் ஒரே ஒரு புள்ளியில் சூடு வைத்தால் அது எப்படிப் பரவும் என்பதற்கு நமக்கு விடை தெரியும். கன அளவில் பார்த்தால் தூரம் கூடக்கூட ஒன்றின் கீழ் தூரம் என்று தேயும், தகட்டில் என்றால் மடக்கைக் கணக்கில். அதே மாதிரி ஒரு புள்ளியில் ஒரு விசை தள்ளினால் முடிவற்ற மீள்பொருள், அதாவது விசையை விட்டதும் பழைய வடிவுக்குத் திரும்பும் பொருள், எப்படி அசையும் என்பதற்கு வில்லியம் தாம்சன், பின்னால் கெல்வின் பிரபு ஆனவர், 1848-ல் விடை கொடுத்தார். இந்த ஒற்றைப் புள்ளி விடைகளைப் பொருளின் விளிம்பு நெடுக வைத்துக் கூட்டினால், உள்ளே நடப்பது அத்தனையும் விளிம்பில் இருக்கிற இரண்டு அளவுகளால் வந்துவிடுகிறது. வெப்பத்துக்கு அந்த இரண்டு: வெப்பநிலை, விளிம்பைக் கடக்கும் வெப்பப் பாயம். தகைவுக்கு: இடப்பெயர்ச்சி, விளிம்பின்மேல் விழும் விசை. ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டில் ஒன்று நமக்குத் தெரிந்திருக்கவேண்டும், மற்றதைச் சமன்பாடு கொடுக்கும். உள்ளே வலை பின்னவேண்டிய வேலை இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. பொருளின் உள்ளே இருக்கும் புள்ளிக்குச் சமன்பாட்டில் முழு ஒன்று பெருக்கெண். வழவழப்பான விளிம்பின்மேல் நிற்கும் புள்ளிக்கு அரை. செங்கோண மூலையில் நிற்கும் புள்ளிக்குக் கால். அந்தப் புள்ளி எத்தனை பங்கு பொருளைப் பார்த்து நிற்கிறதோ அத்தனை பங்கு. வாய்க்கால் கரையில் நிற்பவனுக்கு ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் தண்ணீர். நாலு வரப்பு கூடும் மூலையில் நிற்பவனைச் சுற்றி ஒரு வயலுக்குக் கால்பங்குதான். முதல் தடவை என் நிரல் தப்பு விடை கொடுத்ததற்குக் காரணம் இந்தக் கால்பங்கை நான் அரை என்று போட்டது.

இதற்கெல்லாம் வேர் 1828-ல் ஜார்ஜ் கிரீன் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. நாட்டிங்காமை ஒட்டிய ஸ்னெய்ண்டனில் அப்பாவின் காற்றாலையில் கோதுமை அரைத்துக்கொண்டிருந்தவர். சின்ன வயசில் பள்ளிக்கூடம் போனது சுமார் ஒரு வருஷம். மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் கணிதத்தைப் பொருத்தி அவர் தன் செலவில் அச்சிட்ட கட்டுரையை ஐம்பது சொச்சம் பேர் சந்தா கட்டி வாங்கினார்கள், பலருக்கு அது புரிந்திருக்க வாய்ப்பில்லை. நாற்பது வயசில் கேம்பிரிட்ஜில் மாணவராய்ச் சேர்ந்தார், 1841-ல் இறந்துபோனார். நாலு வருஷம் கழித்து, 1845-ல், அதே தாம்சன் கையில் அந்தக் கட்டுரை கிடைத்துத்தான் உலகத்துக்குத் தெரியவந்தது. நெல் ஆலை வீட்டில் வளர்ந்தவன் நான். உமித் தூசிக்கு நடுவில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படித்திருக்கிறேன். கல்லின் இரைச்சலுக்கு நடுவில் மாவு ஆலையின் மேல்மாடியில் உட்கார்ந்து ஒருவர் இதை யோசித்தார் என்று படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அதன்பின் மீள்பொருள் கணக்கை இந்த வழியில் கணினிக்குக் கொண்டுவந்தது ஃபிராங்க் ரிஸோ, 1967-ல். எல்லைக் கூறு என்ற பெயர் எழுபதுகளின் பிற்பகுதியில் சவுதாம்ப்டனில் கார்லோஸ் பிரெப்பியாவைச் சுற்றி இருந்தவர்களால் நிலைத்தது.

நிரல் ஒழுங்காய் ஓடத் தொடங்கியதும் பரிசோதிக்க ஒரு வடிவம் வேண்டும். என்னிடம் இருந்த பழைய கோப்பில் மாமாவின் வளையம் இருந்தது. சமச்சீரால் ஒரு துண்டு போதும்: ஒரு போல்ட் ஓட்டை, உள்விளிம்பு, வெளிவிளிம்பு, இரண்டு வெட்டுக்கோடு. 96 விளிம்புக் கூறுகள். முப்பதாயிரத்துக்குப் பதில் 96. உட்கார்ந்து ஒவ்வொரு கூறுக்கும் எதிரே ஒரு எண் எழுதிக்கொண்டு வந்தேன். வெட்டுக்கோட்டில் வெப்பம் கடக்காது, பூஜ்யம். வெளிவிளிம்பு காற்று. ஓட்டைக்குள் போல்ட். கீழே போய் உள்விளிம்புக்கு வந்தேன். கதவும் கயிறு பேக்கிங்கும் உட்காரும் அந்த உதடு. கூறு 41 முதல் 58 வரை. அங்கே என்ன எழுதுவது? கதவு மூடியிருந்தால் ஒன்று. திறந்திருந்தால்? திறந்ததும் அந்த உதட்டில் என்ன நடக்கிறது? எனக்குத் தெரியவில்லை. எழுதாமல் விடவும் முடியாது. 18 இடம் காலியாய் இருந்தால் தெரியாதவை சமன்பாடுகளைவிட 18 அதிகம், தீராது.

அப்போதுதான் பழைய கணக்கில் அந்த உதட்டுக்கு நான் என்ன கொடுத்திருந்தேன் என்று திறந்து பார்த்தேன். ஒன்றும் கொடுக்கவில்லை. முடிவுறு கூறு முறையில் ஒரு விளிம்பைப் பற்றி எதுவும் சொல்லாமல் விட்டால், அங்கே வெப்பமே கடக்கவில்லை, விசையே இல்லை என்று அந்த முறை தானாகவே எடுத்துக்கொள்ளும். அது மென்பொருளின் குற்றம் இல்லை, அதன் கணிதத்திலேயே அப்படித்தான் அமைந்திருக்கிறது, பல நேரம் அது வசதியும்கூட. ஆனால் எனக்குத் தெரியாத ஒரு இடத்தை அது "ஒன்றும் நடக்காத இடம்" என்று நிரப்பிவிட்டது. அந்த நிரப்பலை வைத்துத்தான் நான் ஒரு மனுஷனின் இரும்பு மட்டம் என்று சொல்லியிருக்கிறேன்.

தை மாதம், விடியற்காலை

அடுத்த வாரமே லீவு போட்டுவிட்டுப் போனேன். இந்தத் தடவை தை. சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது, ஆலை வாசலில் டிராக்டர்கள் ரோடு வரை நின்றன. விடிகாலை நாலரைக்கு ஒரு அவியல் இறங்கியது. அடிக்கதவு திறந்து நெல் கொட்டி முடிந்ததும், தொட்டியடியில் வேலை செய்யும் அண்ணன் ரப்பர் குழாயை எடுத்து அந்த உதட்டைச் சுற்றிப் பீய்ச்சினார். போர் தண்ணீர். சுர்ரென்று ஒரு சத்தம், வெள்ளையாய் ஆவி, வறண்டு வெளுத்திருந்த இரும்பு அந்த வளையப் பட்டை மட்டும் கறுத்தது. பேக்கிங் கயிற்றில் ஒட்டியிருந்த நெல் கழன்று விழுந்தது. முப்பது நாற்பது வினாடி. கதவை மூடினார். மறுபடி ஊறிய நெல்லை இறக்க மணியடித்தார்கள்.

"எப்பவும் இப்படித்தான் கழுவுவீங்களாண்ணே?"

"ஆமாங்க தம்பி. ஒரு நெல்லு இருந்தாலும் கதவு உக்காராது, ஆவி அடிக்கும்."

"ஆனி ஆடியிலயும்?"

"அப்ப எங்க அவசரம்? அதுபாட்டுக்கு ஆறும், மதியம் வந்து தொடப்பத்தாலயே தட்டி விட்டுருவேன். சீசன்ல ஆறப்போட நேரமேதுங்க."

மாமாவின் மேசையில் நீளநோட்டு இருந்தது. "வெல்டிங் கூலி, அடி வளையம்" என்று இருந்த வரிகளை ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன். ஆறு வருஷத்தில் பதினாலு வரி. ஒன்றைத் தவிர எல்லாம் தைக்கும் பங்குனிக்கும் நடுவில். கொல்லையில் கிடந்த கனமான வளையத்தின் உடைந்த துண்டையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். உடைந்த முகத்தில் உதட்டுப் பக்கம் துருவேறிக் கறுத்திருந்தது, போகப்போகச் சாம்பல் நிறம், புதுசு. விரிசல் உள்விளிம்பிலிருந்து கிளம்பி ஓட்டையை நோக்கிப் போயிருக்கிறது. முகத்தில் ஒரு காற்றுப் பொத்தல் இல்லை. மணி மணியாய், ஒரே சீராய் இருந்தது வார்ப்பு.

இனி எண்ணைப் போடலாம். வளையம் 100 டிகிரி, போர் தண்ணீர் 30. மேல்தோல் திடீரென்று சுருங்கப் பார்க்கிறது, உள்ளே இருக்கிற சூடான இரும்பு விடமாட்டேன் என்கிறது. தோல் முழுக்க ஒரே நொடியில் 70 டிகிரி குளிர்ந்துவிட்டதாக வைத்துக்கொண்டால் அதிகபட்சத் தகைவு: மீள்மை எண், அதாவது இரும்பின் விறைப்பு, சுமார் ஒரு லட்சம் மெகாபாஸ்கல், விரிவு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 11, இவற்றை அந்த 70-ஆல் பெருக்கி முக்காலால் வகுத்தால் நூறை ஒட்டி வரும். இரண்டு திசையிலும் இழுபடும் இடத்தில் ஓட்டை இருந்தால் அதன் ஓரத்தில் அது இரட்டிப்பு. 200. வார்ப்பிரும்பின் வலிமையே அவ்வளவுதான். உண்மையில் தண்ணீர் ஒரே நொடியில் குளிர்விக்காது. என் கணக்கில் இதில் பாதிக்குச் சற்று மேலே வந்து நின்றது. அது ஒரே தடவையில் உடைக்காது. நாளுக்கு நாலைந்து அவியல், அதற்குமேல் போல்ட்டின் இறுக்கம், வெல்டை ஒட்டிய இறுகல், ஊறல் தண்ணீரின் துரு எல்லாம் சேர்ந்தால் ஒரு சீசன் தாங்காது.

முதலில் போட்ட நீலப்பச்சைப் படத்துக்கும் இதற்கும் பத்து மடங்குக்குமேல் வித்தியாசம். வித்தியாசம் முழுக்க வந்தது அந்த 18 கூறில், அந்த நாற்பது வினாடியில். முறையை மாற்றியதால் வந்ததில்லை. அதே எல்லை நிபந்தனையை, அதாவது உதட்டில் நடப்பதை, பழைய மென்பொருளில் கொடுத்திருந்தால் அதுவும் இதையே சொல்லியிருக்கும், பிறகு கொடுத்தும் பார்த்தேன். நேர்மையாய்ச் சொல்லவேண்டும் என்றால் இந்தக் கணக்குக்கு அதுவே வேகமாய் இருந்தது. நேரத்தோடு மாறும் வெப்பத்தில் என் முறை முன்னால் நடந்த ஒவ்வொரு நொடியையும் திரும்பக் கூட்டவேண்டியிருக்கும், உள்ளே பரவும் வெப்பத்தின் தகைவுக்காக நானும் கடைசியில் வளையத்துக்குள் சில கட்டங்கள் போட வேண்டிவந்தது. என் முறையில் ஒவ்வொரு கணுவும், அதாவது விளிம்பில் வைத்த ஒவ்வொரு புள்ளியும், மற்ற எல்லாக் கணுவோடும் பேசும், அதனால் ஆயிரம் கணு என்றால் பத்து லட்சம் எண்கள், ஒரு பூஜ்யம் கிடையாது. முடிவுறு கூறு முறையில் ஒவ்வொரு கணுவும் பக்கத்து வீட்டோடு மட்டும் பேசும். பொருள் வளைந்து மடங்கி இளகிப்போகிற கணக்கென்றால், அடுக்கடுக்காய் வேறு வேறு பொருள் என்றால், முடிவுறு கூறு முறைதான். அது ஜெயித்தது நியாயமாய்த்தான்.

ஆனாலும் செத்துப்போன முறை என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. விரிசல் கொஞ்சம் கொஞ்சமாய் வளரும் கணக்கில் முழு வலையையும் கலைத்துப் பின்னாமல், வளர்ந்த நுனிக்கு மட்டும் இரண்டு கூறு சேர்த்துவிட்டுப் போகலாம். விரிசலின் இரண்டு முகமும் ஒரே இடத்தில் படுத்திருப்பதால் வரும் சிக்கலுக்கு 1992-ல் போர்ட்டெலா, அலியாபாதி, ரூக் மூவரும் இரட்டைச் சமன்பாட்டு வழி ஒன்று கொடுத்தார்கள், என் மூத்தவர் போடுவது அதைத்தான். நம் ஊர் வண்டலில் இறக்கிய போர் குழாயைச் சுற்றி மண்ணில் என்ன தகைவு என்று கேட்டால், குழாயின் சுவரை மட்டும் வரைந்தால் போதும். வெளியே மண் கடல்வரை போகிறது, அதை எங்கே வெட்டுவது என்ற கேள்வியே எழாது, அந்த ஒற்றைப் புள்ளி விடைக்குள்ளேயே தூரத்தில் தேய்ந்துபோவது இருக்கிறது. பூஜ்யமே இல்லாத அந்த எண் அணியின் பாரத்தையும் கிரீன்கார்டும் ரோக்ளினும் 1987-ல் கொடுத்த வேகப் பல்முனை வழி பெருமளவு குறைத்துவிட்டது. இதெல்லாம் சரி. என்னைக் கட்டிப்போட்டது இதில் எதுவும் இல்லை. விளிம்பு நெடுக நடத்திக் கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, இங்கே உனக்கு என்ன தெரியும் என்று அது கேட்டது. அந்தக் கேள்வியை வேறு யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

கனம் கூட்டியது

கழுவுவதை நிறுத்த முடியாது. ஊறல் தொட்டியிலிருந்து வடிகிற தண்ணீர் அறுபது எழுபது டிகிரியில் சும்மா வாய்க்காலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு குழாய் இழுத்து அதில் கழுவச் சொன்னேன். வித்தியாசம் 70-லிருந்து முப்பது நாற்பதுக்கு வந்துவிடும். மாமா அன்றைக்கே பிளம்பரைக் கூப்பிட்டார்.

பெரியவரைப் பார்க்க மத்தியானம் போனேன். மாமா வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. கூடத்தில் மணல் அச்சுகள் வரிசையாய் இருந்தன, அன்றைக்கு இரும்பு உருக்கும் வேலை இல்லை. யார் என்று சொன்னதும் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். நான் சொல்லவேண்டியதை எழுதிப் பார்த்துக்கொண்டுதான் போயிருந்தேன், சொல்லும்போது ஒழுங்காய் வரவில்லை. வார்ப்பில் குறை இல்லை, நான்தான் பார்க்காமல் சொன்னேன் என்பது மட்டும் வந்தது. கேட்டுக்கொண்டே கையிலிருந்த துண்டின் உடைந்த முகத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"கனமா ஊத்துனேனே தம்பி. அது ஏன் முன்னத்ததவிட சீக்கிரம் போச்சு?"

அதுதான் எனக்குச் சொல்லக் கஷ்டமாய் இருந்த இடம். வார்ப்பிரும்பில் வெப்பம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்ச் சேர ஆகும் நேரம் கனத்தின் வர்க்கத்தோடு போகும். 25 மில்லிமீட்டருக்குச் சுமார் 45 வினாடி. 32-க்கு 70-ஐத் தாண்டும். கழுவுகிற நேரம் முழுக்கத் தோல் குளிர்ந்தும் வயிறு சூடாகவுமே இருக்கும், இழுவை கூடும். பளுவைத் தாங்கக் கனம் உதவும். சூட்டுக்கு அது எதிரி. கிண்ணியில் வெந்நீர் ஊற்றினால் மெல்லிசுக் கண்ணாடி தாங்கும், தடிக் கண்ணாடி வெடிக்கும் என்று சொன்னேன். தலையாட்டினார். "அப்ப நான் பயந்து கூட்டுனதுதான் அத உடைச்சுது" என்றார். நான் சொன்னதற்காகப் பயந்தது என்று அவர் சொல்லவில்லை.

புது வளையம் 20 மில்லிமீட்டரில், ஓட்டைகளை உதட்டிலிருந்து சற்றுத் தள்ளி, உள்மூலைகளை உருட்டி வரைந்து கொண்டுபோயிருந்தேன். வரைபடத்தைத் தரையில் விரித்து நாலு மூலையிலும் மண்கட்டி வைத்துப் பார்த்தார். உருட்டல் ஆரத்தைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார், அச்சு கழலும்போது மணல் உதிராமல் இருக்கும் என்று. எனக்கு அது தகைவுக்கும் நல்லது. இலவசமாய்க் கொடுத்த அந்த இரண்டாவது வளையத்துக்கான காசையும் சேர்த்து ஒரு கவரில் கொடுத்தேன். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். வாங்கினார், வெளியே எடுத்து இரண்டு தடவை எண்ணினார், மடித்து இடுப்பில் செருகினார்.

"கொல்லையில கெடக்குற மிச்சத் துண்டையும் கொண்டாந்து போட்டுடச் சொல்லுங்க மாமாவை. நல்ல இரும்பு. உருக்கிக்கலாம்."